எட்டுப்புள்ளி எட்டு

இருக்கையைக் கழற்றினேன். டேங்கைக் கழற்றினேன்.
சைலன்சரில் போன கோடையின் சேறு
செங்கல்லாய் வெந்து ஒட்டியிருந்தது.
உத்தரத்தில் லாரிப் பட்டை இரண்டை மாட்டி
வண்டியின் பின்பாதியைத் தொங்கவிட்டோம்,
நானும் பிரிச்சர்ட் பையனும்.
வெளியே கோபெர்னதோர் கோஸ்தாவின் ஜூலைக் காற்று
தகரத்தைப் பிறாண்டியபடி இருந்தது.

கீழ் போல்ட் வரமாட்டேன் என்றது.
டீசல் விட்டோம். சூடுகாட்டினோம்.
பையன் வெல்ஷில் ஏதோ சொன்னான்,
ஜெபமில்லை அது.
நாலாவது அடியில் அசைந்தது.
ஊசி பேரிங்குகள்
துருப்பிடித்த சீரகமாய் உள்ளங்கையில் உதிர்ந்தன.

மேல் போல்ட்டை உருவினேன்.
ஷாக் என் மடியில் விழுந்தது.
இதுவரை என்னைத் தாங்கிய சக்கரம் இப்போது
ஒற்றை விரலுக்கு ஏறி இறங்குகிறது,
தூங்குகிறவன் கையைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

பதினோரு வருஷமாய்
பண்ணை பண்ணையாய்ப் போய்க் கம்பளி மாதிரி எடுக்கிறேன்.
ஒரு பிடியை முஷ்டிக்குள் அழுத்தி
பத்து எண்ணிக் கையைத் திறப்பேன்.
நல்லது மெல்ல எழும்.
எழாததை
பண்ணைக்காரர் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொள்வேன்.

ஸ்பிரிங்கைப் பிரித்து ஓரமாய் வைத்துவிட்டு
ஷாக்கின் தண்டை மட்டும் அழுத்தினேன்.
உள்ளே போயிற்று.
பத்து எண்ணினேன்.
இருபது.

அதோடு போகவில்லை.
சட்டத்தின் முட்டியில் பெயிண்டைச் சுரண்டி
மண்ணெண்ணெய் தடவித் துடைத்து
சாக்குத்தூள் பூசிக் காத்திருந்தோம்.
மாத்தே ஒரு சுற்று வந்து போனது.
வெள்ளையில் ஈரமாய் ஒரு முடி,
இடப்பக்கம்.
பிறகு வலப்பக்கமும்.

எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியும்.
மார்ச் மாதம், வரிவரியாய் மேடுகட்டிய சரளைப் பாதை,
பெட்டிகள் ஏற்கெனவே பிதுங்கிய நிலையில்
எஸ்தானிஸ்லாவோ நாவெல்கிர்
ஓர் ஆட்டுத்தொடையை மேலே வைத்துக் கட்டினார்.
மனைவியை அடக்கம் செய்த வாரம்.
வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
அறுபதாவது கிலோமீட்டரில் 'டிக்' என்றது.
கேட்டேன். கேட்காத மாதிரி ஓட்டினேன்.

பேட்டரியைத் துண்டித்தான் பையன்.
விரிசலின் நுனியில் சின்னதாய் ஒரு துளை போட்டான்,
ஓடிவருவது நின்று யோசிக்க.
ஆட்டுப்பட்டிக் கதவின் பழைய கீல் தகட்டை
முக்கோணமாய் வெட்டி மூலையில் பொருத்தினான்.
நீல வெளிச்சம். கிழிந்த துணியின் ஓசை.
முகமூடியைத் தூக்கியபோது
அவனுக்குப் பசி வந்துவிட்டது. இரும்புப் பசி.
"இங்கேயும் ஒன்று வைப்போம் டெல்ஃபினா,
இங்கே குறுக்குக் கம்பி,
இங்கே பன்னிரண்டுபுள்ளி ஒன்பது போல்ட்,
பிறகு மலையே இடித்தாலும்..."

மலை இடிக்கட்டும்.
எல்லாம் கெட்டியானால் அந்த அடி எங்கே போகும்?
இன்ஜின் தாங்கிக்குப் போகும்.
என் முதுகுத்தண்டுக்கு.
கம்பி வேண்டாம் என்றேன்.
பின்சட்டத்தைப் பிடிக்கும் மேல் போல்ட் இரண்டும்
எட்டுப்புள்ளி எட்டு போதும் என்றேன்.
"அது அறுந்துபோகும்."
"அதுதான் அறுபட வேண்டும்."

அரைமணி நேரம் பேசவில்லை அவன்.
பிறகு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி
அதே அளவில் நாலு உதிரி எடுத்து
பெஞ்சில் வைத்தான், சற்று ஓசையாகவே.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
சில்லறையோடு கலந்து கிடக்கின்றன,
ரொட்டிக்கடையில் ஒருமுறை
பணமென்று நீட்டிவிட்டேன்.

ஷாக் பஸ்ஸேறி கொமோதோரோ போயிருக்கிறது,
புதுச் சீல், புது வாயு.
எப்போது வருமென்று டிரைவருக்கும் தெரியாது.
வண்டி தொங்குகிறது.
வெல்டிங் தழும்பில் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

நேற்று நாவெல்கிர் போன் செய்தார்.
செப்டம்பரில் கத்தரிப்பு, வருவாயா என்றார்.
வருவேன் என்றேன்.
காற்றில் குரல் விட்டுவிட்டு வந்தது.
தொடை ஒன்று எடுத்துவைக்கிறேன் என்றார்.

கை பைக்குள் போயிற்று.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
சரி என்றேன்.